தேசிய கீதத்தை ரெகேயில் பாடினால் குற்றமா? செர்ஜ் கேன்ஸ்பூர் விவகாரத்தின் பின்னணி

1980ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி இரவு, பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் காத்திருந்த அரங்கின் மேடைக்குச் செர்ஜ் கேன்ஸ்பூர் என்ற 51 வயதுப் பாடகர் தன்னந்தனியாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்து வாசிக்க வேண்டிய ஜமைக்கா இசைக்கலைஞர்கள், வெடிகுண்டு மிரட்டல் காரணமாக விடுதியிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். அரங்கின் இருக்கைகளில், பாராசூட் படையின் முன்னாள் வீரர்கள் கூட்டமாக வந்து அமர்ந்திருந்தார்கள். கச்சேரியை நடக்கவிடுவதில்லை என்பது அவர்களுடைய முடிவு. பாடகர் மீது அவர்கள் சுமத்திய குற்றம் ஒன்றுதான்: பிரான்சின் தேசிய கீதமான ‘லா மார்செயேஸ்’ பாடலை அவர் ‘ரெகே’ என்ற ஜமைக்கா இசையின் தாளத்தில் பதிவுசெய்து விற்பனைக்கு விட்டிருந்தார்.

இந்தச் செய்தியை இன்று படிப்பவருக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு.

1. ஒரு பாடலின் தாளத்தை மாற்றுவது ஏன் அவமதிப்பாகக் கருதப்பட்டது?
2. பாடலின் சொற்களில் அவர் உண்மையில் எதை மாற்றினார்?
3. எதிர்ப்பு பாட்டுக்கு எழுந்ததா, பாடியவருக்கு எழுந்ததா?
4. அன்று அதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா? இன்று இருக்கிறதா?

இவற்றுக்கு விடை காண, பாடல், தாளம், பாடகர் ஆகிய மூன்றின் வரலாற்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, அவை மூன்றும் மோதிக்கொண்ட இடத்துக்கு வருவதே சரியான வழி.

பாடல்: போர்ப்பாட்டு தேசிய கீதமானது எப்படி

‘லா மார்செயேஸ்’ பிறந்த ஊர் மார்செய் அல்ல, அதே ஸ்ட்ராஸ்பூர்தான். 1792 ஏப்ரல் மாதம் பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் அறிவித்த சில நாட்களில், நகரத்தின் மேயர் தீத்ரிஷ் படைவீரர்களுக்கு ஓர் எழுச்சிப் பாட்டு வேண்டும் என்று கேட்க, பொறியியல் படைப்பிரிவின் கேப்டனான ரூஜே து லீல் ஏப்ரல் 25 இரவு தொடங்கி விடிவதற்குள் அதை எழுதி முடித்தார். அவர் அதற்கு வைத்த பெயர் ‘ரைன் படைக்கான போர்ப்பாடல்’ என்பது. அந்தக் கோடையில் மார்செய் நகரத் தொண்டர் படையினர் அதைப் பாடிக்கொண்டே பாரிசுக்குள் நுழைந்ததால், பாரிஸ் மக்கள் அதை மார்செய்க்காரர்களின் பாட்டு என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அது பிரெஞ்சுப் புரட்சியின் காலம். அந்தப் புரட்சி தன் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. பாட்டைக் கேட்டு வாங்கிய மேயர் 1793 டிசம்பரில் கில்லட்டினில் தலை இழந்தார். எழுதிய கேப்டனே ‘பயங்கர ஆட்சி’ எனப்படும் ஒடுக்குமுறைக் காலத்தில் சிறையில் கிடந்தார். 1795இல் தேசிய கீதமாக அறிவிக்கப்பட்ட பாடல், நெப்போலியன் காலத்திலும் அதற்குப் பின் மன்னராட்சி திரும்பியபோதும் ஓரங்கட்டப்பட்டு, 1879 பிப்ரவரி 14 அன்றுதான் மீண்டும் அந்தத் தகுதியைப் பெற்றது. 1958ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரண்டாவது பிரிவு, நாட்டின் கீதம் ‘லா மார்செயேஸ்’ என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாடலின் இசை என்றைக்கும் கல்லில் செதுக்கியதாக இருந்ததில்லை. 1830இல் இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதைப் பெரிய இசைக்குழுவுக்கும் சேர்ந்திசைக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார். 1946இல் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் ஸ்தெபான் கிராப்பெல்லியும் லண்டனில் அதை ஜாஸ் இசையாக வாசித்துப் பதிவுசெய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1974இல் குடியரசுத் தலைவரான வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன், கீதத்தின் ஓட்டம் அளவுக்கு மீறிய வேகத்தில் போர்முழக்கமாக ஒலிக்கிறது என்று கருதி, அதிகாரபூர்வ வாசிப்பின் காலப்பிரமாணத்தையே மெதுவாக்கினார். அதாவது கேன்ஸ்பூர் தாளத்தை மாற்றிய 1979இல், நாட்டின் தலைவரே ஏற்கெனவே அதை மாற்றியிருந்தார். அதற்காக எந்தப் படைவீரரும் அவருடைய மாளிகை வாசலில் போய் நின்றதில்லை. ஆகவே, மாற்றியதுதான் குற்றம் என்ற வாதம் தனித்து நிற்க முடியாதது.

தாளம்: ரெகேக்கு அணிவகுத்து நடக்க முடியாது

ரெகே 1960களின் இறுதியில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் உருவான இசை வடிவம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புகளில் அது வளர்ந்தது. 1970களில் பாப் மார்லியின் வழியாக உலகம் முழுவதும் பரவியது. ஒடுக்கும் அதிகாரத்தை ‘பாபிலோன்’ என்று அழைத்த ராஸ்தஃபாரி சமய இயக்கத்தின் மொழி, அந்தப் பாடல்களில் ஊறியிருந்தது.

தாள அமைப்பைப் பொறுத்தவரை, நமக்குப் பழக்கமான ஒரு கருத்தைக் கொண்டு இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் எடுக்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் பாட்டைக் கேட்கும்போது, கை ஓரிடத்தில் தட்ட, குரல் வேறிடத்தில் தொடங்குவதை உணர்கிறோம் அல்லவா? ரெகேயில் அந்தத் தள்ளல் பாட்டின் தொடக்கத்தோடு நின்றுவிடாமல் தாளம் முழுவதும் தொடர்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு வட்டத்தில், ‘ஒன் டிராப்’ எனப்படும் அதன் அடிப்படை வடிவம் முதல் எண்ணிக்கையில் டிரம்ஸ் அடியை விட்டுவிட்டு, மூன்றாவது எண்ணிக்கையில் அழுத்தம் வைக்கிறது. கிதார் எண்ணிக்கைகளின் மேல் விழாமல், இடையிடையே வெட்டி வெட்டி ஒலிக்கிறது. மெட்டைத் தாங்கும் வேலையைப் பாஸ் கிதார் எடுத்துக்கொள்கிறது.

ராணுவ அணிவகுப்பில் இடது கால் விழ வேண்டிய இடம் முதல் எண்ணிக்கைதான். ரெகே வெறுமையாக விடுவதும் அதே இடத்தைத்தான். இந்தத் தாளத்துக்கு ஆடலாம், அசையலாம், நின்று தலையாட்டலாம். பட்டாளம் வரிசையாக நடக்க முடியாது. போருக்குப் போகும் நடைக்காகவே எழுதப்பட்ட பாட்டை அப்படி ஒரு தாளத்தில் அமர்த்தியபோது, இசை இலக்கணம் தெரியாதவர்களுக்கும் காலடியில் தரை நழுவியது போன்ற உணர்வு ஏற்பட்டிருக்கும். பழைய வீரர்களின் கோபத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

பாடகர்: மஞ்சள் நட்சத்திரம் அணிந்த சிறுவன்

கேன்ஸ்பூரின் இயற்பெயர் லூசியன் கின்ஸ்பர்க். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி வந்த யூதப் பெற்றோருக்கு, 1928 ஏப்ரல் 2 அன்று பாரிசில் இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். தந்தை இரவு விடுதிகளில் பியானோ வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1942இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த பகுதியில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை வந்தபோது அவருக்கு வயது 14. அந்த நட்சத்திரத்தோடு பாரிஸ் தெருக்களில் நடந்த சிறுவன், பின்னர் குடும்பத்தோடு லிமோஜ் பகுதிக்குத் தப்பிச் சென்று, பெயரை மறைத்து வாழ்ந்தான். சோதனைக்குப் படையினர் வரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்த ஒரு நாள், பள்ளி நிர்வாகத்தினர் அவன் கையில் ஒரு கோடரியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். யாராவது பார்த்துக் கேட்டால் விறகுவெட்டியின் மகன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அனுபவத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார்.

போருக்குப் பின் ஓவியம் பயின்று, அதைக் கைவிட்டு, தந்தையைப் போலவே விடுதிகளில் பியானோ வாசித்து, 1958இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1965இல் அவர் எழுதிய பாடலை ஃபிரான்ஸ் கால் என்ற பாடகி பாடி, ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் பரிசை லக்சம்பர்க் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். 1969இல் தன் வாழ்க்கைத் துணையான ஜேன் பிர்கினோடு சேர்ந்து பாடிய ‘ஜு தெம், மொவா நோன் ப்ளூ’ பெண்ணின் காமப் பெருமூச்சுகள் ஒலிக்கும் பாடல் என்பதால் பல நாடுகளில் வானொலித் தடைக்கு உள்ளாகியது. அந்தத் தடையையும் மீறி பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 1973இல் மாரடைப்பு வந்தது; சிகரெட்டையும் மதுவையும் அவர் விடவில்லை. 1970களில் அவர் உருவாக்கிய ஆல்பங்களை விமர்சகர்கள் இன்று கொண்டாடுகிறார்கள் என்றாலும் அன்று அவை அதிகம் விற்கவில்லை. பிறருக்குப் பாட்டெழுதிப் புகழ் பெற்றவர், தன் குரலுக்கென்று பெரிய கூட்டம் இல்லாதவர், 1960களின் நடுப்பகுதியிலிருந்து மேடையேறாதவர்: இதுதான் ஜமைக்காவுக்குப் புறப்பட்டபோது அவருடைய நிலை.

கிங்ஸ்டன், 1979 ஜனவரி

ரெகேயை அவர் திடீரென்று பிடித்துக்கொள்ளவில்லை. 1976ஆம் ஆண்டு ஆல்பத்திலேயே அந்தத் தாளத்தில் ஒரு பாடல் இருந்தது. ஆனால் பாரிஸ் வாத்தியக்காரர்கள் வாசித்த ரெகேயில் அவருக்கு நிறைவு இல்லை. தயாரிப்பாளர் பிலிப் லெரிஷோமோடு கிங்ஸ்டனில் உள்ள டைனமிக் சவுண்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, அந்த இசையின் தலைசிறந்த தாளக் கூட்டணியான டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பார், பாஸ் கலைஞர் ராபி ஷேக்ஸ்பியர் ஆகிய இருவரையும் அமர்த்திக்கொண்டார். பின்குரலுக்கு வந்தவர்கள் ஐ-த்ரீஸ் என்ற மூவர்: ரீட்டா மார்லி, மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட். பாப் மார்லிக்குப் பின்னால் நின்று பாடிய அதே மூன்று பெண்கள்.

முதல் நாள் சூழ்நிலை இறுக்கமாக இருந்தது என்று உடனிருந்தவர்கள் பின்னர் விவரித்திருக்கிறார்கள். வயதான இந்த வெள்ளைக்காரர் யார் என்று ஜமைக்கா கலைஞர்களுக்குத் தெரியாது. பேச்சை வளர்ப்பதற்காகப் பிரெஞ்சுப் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டபோது, ஒரே ஒரு பாட்டுதான் தெரியும், ஒரு பெண் முனகும் பாட்டு என்று பதில் வந்தது. அதை எழுதியவன் நான்தான் என்று கேன்ஸ்பூர் சொன்னதும் கூடமே சிரிப்பில் நிறைந்தது; அதன்பின் வேலை மளமளவென்று ஓடியது. சில நாட்களிலேயே 12 பாடல்கள் பதிவாகின. ஒலிபெருக்கியின் அருகில் வந்து ஏறக்குறைய பேசுவது போலச் சொற்களை உதிர்ப்பது அவர் பாணி. அந்தத் தாழ்ந்த, சோம்பலான குரலும், பின்னால் எழும் மூன்று பெண்களின் முழுக்குரலும் சேர்ந்ததுதான் ஆல்பத்தின் தனி ஒலி.

ஆல்பத்தின் மற்றொரு பாடல் தலைப்பில் ‘ராஸ்தகுவேர்’ என்ற பழைய பிரெஞ்சு வசைச்சொல் வருகிறது. எங்கிருந்தோ வந்து பகட்டாகத் திரியும் நம்பத்தகாத அயலான் என்பது அதன் பொருள். சொல்லுக்குள் ‘ராஸ்தா’ ஒளிந்திருப்பதைக் கண்டு அவர் விளையாடியிருக்கிறார். அகதிகளின் மகனுக்கு அந்த வசை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

‘இன்ன பிற’: மாறியது எது, மாறாதது எது

1979 மார்ச்சில் வெளிவந்த ஆல்பத்தின் பெயரும், அதில் உள்ள தேசிய கீதப் பாடலின் பெயரும் ஒன்றே: ‘ஓ ஸார்ம் எ செட்டெரா’. தமிழில் சொன்னால், ‘ஆயுதம் எடுங்கள், இன்ன பிற’.

கீதத்தின் பல்லவி ‘ஆயுதம் எடுங்கள், குடிமக்களே’ என்று தொடங்கி, படையணிகளை அமைக்கச் சொல்லி, அசுத்த ரத்தம் நம் வயல்களின் உழவுசால்களை நனைக்கட்டும் என்று முடியும். கேன்ஸ்பூர் பாடலைக் கலைக்களஞ்சியத்தில் தேடிப் பார்த்தபோது, முதல் பத்திக்குப் பின் பல்லவி முழுவதும் அச்சாகியிருந்தது. அடுத்தடுத்த பத்திகளுக்குப் பின் இடத்தை மிச்சப்படுத்த ‘ஆயுதம் எடுங்கள், இன்ன பிற’ என்று மட்டும் இருந்தது. நம்முடைய கீர்த்தனைப் புத்தகங்களில் சரணம் முடிந்ததும் பல்லவியின் முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டு விட்டுவிடுவார்கள். மீதியைப் பாடுபவர் நிரப்பிக்கொள்வார். கேன்ஸ்பூர் செய்த காரியம், அச்சுக்கோத்தவர் போட்ட அந்தச் சுருக்கத்தையே எழுத்துக்கு எழுத்து பாடியதுதான்.

விளைவுகளை வரிசைப்படுத்தினால் இப்படி அமையும்.

1. முதல் பத்தியும் வேறு இரண்டு பத்திகளும் மூலச் சொற்களிலேயே இருக்கின்றன. கொடுங்கோன்மை, விடுதலை, தாயகத்தின் மீதான புனித அன்பு பற்றிய வரிகளில் அவர் கைவைக்கவில்லை.
2. பல்லவியிலிருந்து ‘குடிமக்களே’ என்ற விளியும், படையணிகளும், ‘அசுத்த ரத்தம்’ என்ற சொல்லும் மறைந்து, அவற்றின் இடத்தில் ‘இன்ன பிற’ நிற்கிறது.
3. அந்தப் பல்லவியைப் பாடுபவர்கள் அடிமைகளின் வழிவந்த மூன்று கறுப்பினப் பெண்கள்.

இரண்டாவது புள்ளியில் சற்று நிற்க வேண்டும். 14 வயதில் தன் ரத்தமே அசுத்தம் என்று அரசாணை சொல்லக் கேட்டவர், அந்தச் சொல் வரும் வரியை ‘இன்ன பிற’ என்று கடந்து போகிறார். அவர் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று வாதிட வேண்டியதில்லை. அந்த இடத்தில் அந்தச் சொல் ஒலிக்கவில்லை என்பதே பாட்டின் பொருளை மாற்றிவிடுகிறது. மூன்றாவது புள்ளியும் சாதாரணமானதல்ல. இந்தக் கீதத்தைப் பாடிய புரட்சிக் குடியரசு 1794இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். கரீபியக் கடலில் பிறந்த குரல்கள் ‘ஆயுதம் எடுங்கள்’ என்று பாடும்போது, பாட்டு எவருடைய விடுதலையைப் பேசுகிறது என்ற கேள்வி புதிதாக எழுகிறது.

எதிர்ப்பு: பாட்டுக்கா, பாடியவருக்கா

அதுவரை அவர் வெளியிட்ட எந்த ஆல்பமும் காணாத அளவுக்கு இது விற்றது. எதிர்ப்பும் அதே வேகத்தில் எழுந்தது. 1979 ஜூன் 1 அன்று ‘லு ஃபிகாரோ மகசின்’ இதழில், முன்பு குடியரசுத் தலைவர் த கோலைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்டவராகப் புகழ்பெற்ற எழுத்தாளர் மிஷேல் த்ருவா ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். தேசிய கீதத்தைக் காசாக்குகிறார் என்ற குற்றச்சாட்டோடு அது நிற்கவில்லை. கேன்ஸ்பூரின் தோற்றத்தை அருவருப்போடு வர்ணித்த கட்டுரை, இப்படிப்பட்ட செயலால் அவர் யூதர்களுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டிவிடுகிறார் என்ற இடம்வரை சென்றது.

இந்த வாதத்தின் கட்டமைப்பைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒரு பிரெஞ்சுக் குடிமகன் தேசிய கீதத்தைப் புதிதாகப் பாடுகிறார். அது பிடிக்காதவர் அதை இசைக் குற்றம் என்றோ தேசக் குற்றம் என்றோ சொல்லலாம். ஆனால் அவர் யூதர் என்பதால் மற்ற யூதர்களுக்கு அவரால் தீங்கு வரும் என்று சொல்லும்போது, வெறுப்பவரின் பொறுப்பு வெறுக்கப்படுபவரின் தலையில் ஏற்றப்படுகிறது. மற்றவர்கள் நாட்டில் சொந்தக்காரர்கள், இவர் மட்டும் விருந்தாளி, ஆகவே அடங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அந்த ஆண்டு நடந்தவற்றில் அவமதிப்பு என்று ஒன்று இருந்தால், அது பாட்டில் இல்லை. இந்தக் கட்டுரையில்தான் இருந்தது.

கேன்ஸ்பூர் அதே மாதம் ‘லு மத்தான்’ நாளிதழின் ஞாயிறு பதிப்பில் பதில் எழுதினார். ‘வீரர்களின் நட்சத்திரம்’ என்பது தலைப்பு. பிரான்சின் உயரிய விருதோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘வீரர்களின் நட்சத்திரம்’ என்ற தொடரை எடுத்து, ஆக்கிரமிப்பு ஆட்சி தனக்குச் சிறுவயதில் அணிவித்த மஞ்சள் நட்சத்திரத்தை நினைவூட்டினார்.

முன்னாள் வீரர்களின் கோபத்தை இதோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டுவது நியாயமாகாது. பிரான்சிடமிருந்து அல்ஜீரியா விடுதலை பெறப் போராடிய அல்ஜீரியப் போர் முடிந்து அப்போது 18 ஆண்டுகள்கூட ஆகவில்லை. தோழர்களின் சவப்பெட்டிகள் இறக்கப்படும்போது விறைத்து நின்று கேட்ட இசை அவர்களுக்கு அந்தக் கீதம். அது நடனத்துக்குரிய தாளத்தில் வானொலியில் நாள்தோறும் ஒலிப்பதைக் கேட்டு அவர்கள் அடைந்த வலி பொய்யல்ல. வலி உண்மை என்பதால் மிரட்டல் உரிமையாகிவிடாது என்பதுதான் இங்கே கோடு.

ஸ்ட்ராஸ்பூர் மேடையில் நடந்தது

1979 டிசம்பரில் பாரிசின் ‘பலாஸ்’ அரங்கில் பல இரவுகள் நிறைந்த கூட்டத்தோடு பாடிய கேன்ஸ்பூர், புத்தாண்டில் பிற நகரங்களுக்குப் புறப்பட்டார். கீதம் பிறந்த ஊரான ஸ்ட்ராஸ்பூரில்தான் முன்னாள் பாராசூட் வீரர்கள் வழிமறித்தார்கள். ஜமைக்கா கலைஞர்கள் வரவில்லை; கச்சேரி ரத்து என்பது உறுதியாகிவிட்டது. அந்த நிலையில் அவர் மேடைக்கு வந்து, தான் எவருக்கும் பணியாதவன் என்றும், ‘லா மார்செயேஸ்’ பாடலுக்கு அதன் முதல் பொருளைத் திருப்பித் தந்தவன் என்றும் அறிவித்தார். பின்னர் கையை முஷ்டியாக மடக்கி உயர்த்தி, தாளமும் வாத்தியமும் இல்லாமல், கீதத்தைப் பழைய மெட்டில், நடுங்கும் குரலில் பாடத் தொடங்கினார்.

வந்திருந்த வீரர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. தேசிய கீதம் ஒலிக்கும்போது படைவீரன் எழுந்து விறைத்து நிற்க வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். அவரைப் பாடவிடாமல் தடுக்க வந்தவர்கள், அவர் பாடி முடிக்கும்வரை எழுந்து நின்றார்கள். பாடி முடித்ததும் அவர்களைப் பார்த்து முழங்கையை மடக்கி ஒரு வசைச் சைகை காட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அந்தச் சைகை இல்லாமல் இருந்திருந்தால் காட்சி இன்னும் உயர்ந்து நின்றிருக்கும். ஆனால் முடிவில் கொஞ்சம் அழுக்கைப் பூசாமல் எந்த உயர்ந்த காட்சியையும் விட்டுவைக்காதவர் அவர்.

1981: கையெழுத்துப் பிரதியும் இரண்டாவது ரெகே ஆல்பமும்

1981 டிசம்பரில் வெர்சாய் நகரத்தில் ஓர் ஏலம் நடந்தது. ரூஜே து லீல் தன் முதுமையில் தன் கையாலேயே எழுதிய ‘லா மார்செயேஸ்’ பிரதி விலைக்கு வந்திருந்தது. கேன்ஸ்பூர் அதை 1,35,000 பிராங்குக்கு வாங்கினார். தாளைப் புரட்டிப் பார்த்தால், பல்லவி திரும்ப வரும் இடத்தில் கவிஞரே ‘ஆயுதம் எடுங்கள், குடிமக்களே, இன்ன பிற’ என்று சுருக்கி எழுதியிருந்தார். கலைக்களஞ்சியத்தின் அச்சுக்கோப்பாளர் செய்ததை மூல ஆசிரியரே செய்திருந்தார். கீதத்தின் சொற்களைச் சிதைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை எந்த வழக்கறிஞராலும் தேடித் தந்திருக்க முடியாது.

அதே ஆண்டில் அவருடைய இரண்டாவது ரெகே ஆல்பம் பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரத்தில், பழைய ஜமைக்காக் குழுவோடு உருவானது. தன்னிடம் இருந்த பால் கிளீ ஓவியம் ஒன்றின் பெயரையே அதற்கு வைத்தார்: ‘நட்சத்திரங்களிலிருந்து கெட்ட செய்தி’. இயேசு யூதர் என்பதை நினைவூட்டும் ஒரு பாடல் அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய சண்டைக்கு அவர் தந்த தாமதமான பதில் என்று அதைக் கொள்ளலாம். ‘கேன்ஸ்பார்’ என்ற இரண்டாவது பெயர் பிறந்ததும் அந்த ஆல்பத்தில்தான். சவரம் செய்யாத முகம், மது, சிகரெட், வம்பு ஆகியவற்றால் ஆன ஒரு வேடம் அது. 1980இல் ஜேன் பிர்கின் அவரைவிட்டுப் பிரிந்து போயிருந்தார். வேடம் கொஞ்சம் கொஞ்சமாக மனிதரை விழுங்கியது.

அதன் பின்னான பத்தாண்டுகளில் நடந்தவை பெரும்பாலும் தொலைக்காட்சிச் சம்பவங்கள். 1984 மார்ச் 11 அன்று, தன் வருமானத்தில் வரிக்குப் போகும் பங்கைக் காட்டுவதற்காக நேரலையில் 500 பிராங்க் நோட்டைக் கொளுத்தினார். 1986இல் அமெரிக்கப் பாடகி விட்னி ஹியூஸ்டனிடம் நேரலையில் ஆபாசமாகப் பேசினார். மகளோடு சேர்ந்து பாடிய ஒரு பாடலும், பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் இன்று கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாகின்றன. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. தேசிய கீத விவகாரத்தில் அவர் பக்கம் நிற்பவர்கள், விட்னி ஹியூஸ்டன் சம்பவத்திலும் அவர் பக்கம் நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1991 மார்ச் 2 அன்று பாரிசின் வெர்னை தெருவில் உள்ள தன் வீட்டில் அவர் இறந்தார். அவரைப் பிரெஞ்சுக் கவிஞர்களான போதலேரோடும் அப்போலினேரோடும் ஒப்பிட்டுப் பேசினார் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தரான்.

பிரெஞ்சு மொழியில் ரெகே பாட முடியும் என்பது அதற்குள் நிலைத்துவிட்டது. பாடகர் பெர்னார் லாவில்லியே 1980லேயே கிங்ஸ்டன் பாணியைத் தொட்டார். பத்தாண்டுகளுக்குப் பின், தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவில் பிறந்த தொந்தோன் தாவீத், ரெகேயைப் புறநகர் இளைஞர்களின் மொழியாக்கினார்.

சட்டம்: அன்றும் இன்றும்

இனி நான்காவது கேள்வி. இதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. பதிப்புரிமை. ரூஜே து லீல் 1836இல் இறந்தார். பொருளாதார உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் படைப்பின் மாண்பைக் காக்கும் ‘அறநெறி உரிமை’ காலவரம்பற்றது என்றாலும், அது ஆசிரியருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. படைவீரர் சங்கத்துக்கோ பத்திரிகைக்கோ அல்ல.
2. அவமதிப்புக் குற்றம். 1979இல் தேசிய கீதத்தை அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு பிரான்சில் இல்லை. எனவே அன்று நடந்த எல்லாமே சட்டத்துக்கு வெளியே, பத்திரிகையிலும் தெருவிலும் நடந்தவை.
3. 2003 மாற்றம். 2001 அக்டோபரில் பிரான்ஸ்–அல்ஜீரியா கால்பந்து ஆட்டத்திலும், 2002 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்திலும் பார்வையாளர்கள் கீதத்தின்போது சீழ்க்கை அடித்தார்கள். இரண்டாவது முறை குடியரசுத் தலைவர் ஜாக் சிராக் இருக்கையைவிட்டு எழுந்து வெளியேறினார். அதன் தொடர்ச்சியாக, 2003 மார்ச் 18 தேதியிட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகள் நடத்தும் அல்லது ஒழுங்குபடுத்தும் பொது நிகழ்ச்சிகளில் கீதத்தையோ கொடியையோ அவமதித்தால் 7,500 யூரோ அபராதம் என்றும், கூட்டாகச் செய்தால் அதோடு 6 மாதச் சிறையும் உண்டு என்றும் விதித்தது.
4. அரசியலமைப்பு மன்றத்தின் வரம்பு. சட்டம் நடைமுறைக்கு வருமுன் அதை ஆராய்ந்த மன்றம் மூன்றை விலக்கியது: படைப்பாக்கங்கள், தனிப்பட்ட வட்டத்தில் பேசப்படுபவை, அரசு அமைப்புகள் நடத்தாத அல்லது ஒழுங்குபடுத்தாத நிகழ்ச்சிகளில் செய்யப்படுபவை.

இவற்றைக் கேன்ஸ்பூருக்குப் பொருத்திப் பார்த்தால், ஆல்பத்தில் சிக்கலே இல்லை. அது படைப்பாக்கம், முதல் விலக்கே அதைக் காக்கிறது. ஸ்ட்ராஸ்பூர் இரவு சற்று நுட்பமானது. ‘ஒழுங்குபடுத்தப்பட்ட நிகழ்ச்சி’ என்பதற்கு மன்றம் தந்த விளக்கத்தில், கூடும் மக்களின் எண்ணிக்கை காரணமாகச் சுகாதார, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட அரங்குகளில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளும் அடங்கும். ஆகவே அப்படியோர் அரங்கு இன்று சட்டத்தின் எல்லைக்குள் வரும். ஆனால் அந்த மேடையில் அவர் பாடியது ரெகே அல்ல; எழுந்து நின்றவர்களுக்குத் தெரிந்த அதே மெட்டு. கடைசியில் காட்டிய சைகையோ கீதத்தை நோக்கியதல்ல, முன்வரிசையை நோக்கியது.